முப்பத்தோராம் தொலைபேசியை யார் கேட்கலாம்

எங்கள் கந்தோரில் இருபத்துநான்கு மேசைத் தொலைபேசிகள் இருக்கின்றன. இலக்கங்கள் பதினொன்றில் தொடங்கி முப்பத்துநான்கில் முடியும். எந்தத் தொலைபேசி யாருடைய பெயரில் ஒலிக்கும், யார் எந்த அழைப்பை எடுக்கலாம், யாருடைய பேச்சை யார் கேட்கலாம் என்பதெல்லாம் என் மேசையிலுள்ள திரையில்தான் தீர்மானமாகும். ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவரை நான் உருவாக்குவேன். விலகினால் அழிப்பேன். பிரம்மாவும் யமனும் எங்கள் கந்தோரில் ஒரே சம்பளத்துக்கு வேலை செய்வதாக ஒரு பகிடி உண்டு.

யாழ்ப்பாண நகரில், குருநகர்ப் பக்கம் திரும்பும் தெருவில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கிறோம். கொழும்பிலுள்ள வீட்டுச் சாமான் நிறுவனமொன்றுக்கு வரும் தமிழ் அழைப்புகளை எடுப்பது எங்கள் தொழில். குளிர்சாதனப் பெட்டி குளிராவிட்டாலும் சலவை இயந்திரம் நடுவில் நின்றாலும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பதுளையிலிருந்தும் எங்களுக்கு எடுத்துத்தான் ஏசுவார்கள். எல்லாப் பேச்சும் பதிவாகும். அழைப்பவருக்கு அதை முதலே சொல்லிவிடுகிறோம்.

அனுமதிகளில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். நாள், நேரம், கேட்டவர், காரணம் என்று நான்கு கட்டங்கள். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாளைக் குறிக்காமல் விட்ட விசயம் நடக்காத விசயமாகிவிடும் என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. ஆனாலும் இங்கே திகதிகளைத் தரப்போவதில்லை, கிழமைகளை மட்டும் தருகிறேன். திகதியைத் தந்தால் ஒரு பெண்ணை ஊர் அடையாளம் கண்டுவிடும். அவளைப்பற்றி ஊர் விசாரித்தது போதும்.

பிழை என்னிடமிருந்து தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை முகாமையாளர் அவசரப்பட்டு வந்து, அழைப்பு எடுப்பவர்களில் மூத்தவரான ஒரு பெண்ணை அன்றே மேற்பார்வையாளர் ஆக்கவேண்டும் என்றார். ஒவ்வொரு அனுமதியாகத் தேர்ந்து கொடுக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பழைய மேற்பார்வையாளரின் கணக்கைப் பிரதி எடுத்துப் பெயரை மாற்றினால் இரண்டு நிமிடம். நான் இரண்டு நிமிட வேலையைச் செய்தேன். பழையவர் பயிற்சிக்காக மாதிரிப் பேச்சுகள் தயாரித்தவர் என்பதால், எல்லாருடைய பதிவுகளையும் கேட்கவும் அவற்றைத் தன் கொம்பியூட்டருக்கு இறக்கிக்கொள்ளவும் அவருக்கு அனுமதி இருந்தது. அது பிரதியோடு புதியவருக்கும் போய்விட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'பதவி உயர்வு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில், யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற பட்டியலை எடுத்து வாசிப்பேன். ஐப்பசி மாதத்துப் பட்டியலில் முப்பத்தோராம் இலக்கம் திரும்பத் திரும்ப வந்தது. சாதாரணமாக ஒருவரின் பேச்சில் கிழமைக்கு இரண்டைக் கேட்டுப் புள்ளி போடுவார்கள். இங்கே ஒரே வியாழக்கிழமை பதின்மூன்று பதிவுகள் திறக்கப்பட்டிருந்தன. மூன்று இறக்கப்பட்டிருந்தன. புள்ளி ஒன்றுக்கும் போடப்படவில்லை. திறந்தவர் புதிய மேற்பார்வையாளர்.

முப்பத்தொன்று, உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளையின் தொலைபேசி. மூன்று வருடமாக இருக்கிறாள். ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை. எனவே மேற்பார்வையாளரிடம் நேரே போய்க் கேட்டேன்.

அவர் பண்டத்தரிப்புக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோட்டத்துக் கத்தரிக்காயைப் பையில் கொண்டுவந்து மேசை மேசையாகக் கொடுப்பவர். கெட்டவர் அல்லர். இதை எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும்.

"அக்கா, முப்பத்தொண்டின்ரை பதிவு பதின்மூண்டு கேட்டிருக்கிறியள். முறைப்பாடு ஏதும் வந்ததோ?"

"முறைப்பாடோ? சீ, நல்ல விசயம் தம்பி," என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

அவருடைய மச்சாளின் மகன் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். அவருக்கு இந்தப் பிள்ளையைப் பேசுகிறார்கள். சாதகம் பொருந்திவிட்டது. மிச்சம் இருந்தது விசாரிப்பு.

இங்கே கலியாணம் பேசும்போது இரண்டு பகுதியும் மற்றப் பகுதியைப்பற்றி விசாரிப்பார்கள். படித்த பள்ளிக்கூடத்தில், பக்கத்து வீட்டில், டியூட்டரியில், கோயிலடியில். என் கலியாணத்துக்கு முதல் ஒருவர் சைக்கிளில் வந்து, நான் எந்தக் கடையில் யாரோடு தேநீர் குடிக்கிறேன் என்று கேட்டுப் போயிருக்கிறார். அதெல்லாம் எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் அதையே ஒரு படி முன்னேற்றியிருந்தார்.

"ஊரிலை நாலு பேரைக் கேட்டால் நாலு கதை சொல்லுவினம். ஒருத்தருக்கு எரிச்சல், ஒருத்தருக்குக் கோவம். இது பிள்ளையின்ரை சொந்த வாய். இதைவிட நல்ல விசாரிப்பு என்ன இருக்கு?"

இறக்கிய மூன்றையும் கைபேசியில் மாப்பிள்ளையின் தாய்க்கு அனுப்பியிருந்தார். அதில் ஒன்று, வவுனியாவிலிருந்து ஓர் அம்மா சலவை இயந்திரத்துக்காக இருபத்திரண்டு நிமிடம் ஏசியது. இவ்வளவு ஏச்சுக்கும் இந்தப் பிள்ளை குரலை உயர்த்தவில்லையே, மருமகளுக்கு வேறு என்ன வேண்டும் என்று தாய் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மேற்பார்வையாளரின் முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது.

நான் என் மேசைக்குத் திரும்பி, கேட்கவும் இறக்கவும் அவருக்கு இருந்த அந்த இரண்டு அனுமதிகளையும் நீக்கினேன். முற்பகல் பதினொன்று பத்து. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'என் பிழையைத் திருத்த' என்று எழுதினேன்.

பிறகு முகாமையாளரிடம் போனேன். அவர் என் வயதுக்காரர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"ஐசே, உது கலியாண விசயம். ஊரிலை எல்லாரும் விசாரிக்கிறதுதானே. அனுமதியை எடுத்திட்டீர், சரி. இனி உதைத் தூக்கிப் பிடிக்காதையும்."

பதிவுகள் கந்தோரை விட்டு வெளியே போயிருக்கின்றன என்றேன். வவுனியா அம்மாவின் வீட்டு விலாசமும் அதற்குள் இருக்கிறது என்றேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும், கொழும்பு நிறுவனத்துக்கும் எழுதவேண்டும் என்றேன். அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"எழுதினால் முதலிலை பிடிபடுறது ஆர்? அனுமதி குடுத்தது நீர். யோசிச்சுப் பாரும்."

அது சரியான கணக்கு. நான் யோசித்துப் பார்த்தேன். பிற்பகல் தேநீர் நேரம் வரை யோசித்தேன். பிறகு அந்தப் பிள்ளையைப் படிக்கட்டின் திருப்பத்துக்கு வரச் சொல்லி, நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன்.

முடிந்த பிறகு கேட்டாள்.

"அக்காவுக்கு ஆர் அண்ணை அந்த அனுமதியைக் குடுத்தது?"

"நான்தான். பிழையாக் குடுத்திட்டன்."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"நேற்று அம்மா சொன்னவ, மாப்பிள்ளை பகுதிக்கு என்ரை குரல் நல்லாப் பிடிச்சிட்டுதாம் எண்டு. கோயில்லை எங்கையோ கேட்டிருப்பினம் எண்டு நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை வருகினமாம். அம்மா ஓம் எண்டு சொல்லிட்டா."

ஆக, அவளுக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த மூன்று பேச்சையும் தானும் கேட்கவேண்டும் என்றாள். தன் பதிவைத் தானே கேட்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு நிமிடத்தையும் கேட்டாள். நடுவில் ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, நான் வீட்டிலை உப்பிடிக் கதைச்சால் அம்மா காய்ச்சலோ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாப்பா."

கழற்றி வைத்த பிறகு முகத்தில் சிரிப்பு இல்லை.

"உது சம்பளத்துக்குக் கதைக்கிற கதை. உந்தப் பொறுமை நாலரை மணிக்கு முடிஞ்சிடும். உதைக் கேட்டிட்டு என்னைக் கட்ட வாறவை, என்னைக் கட்ட வரேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் படியிலை சொன்னதை எழுதித் தாங்கோ. ஆர் கேட்டது, எத்தினை, ஆர் அனுமதி குடுத்தது. கடைசியையும் எழுதுங்கோ."

எழுதத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு பக்கம் எழுத மூன்று தாள் பிடித்தது. பழைய அரச அதிகாரிகளின் நாட்குறிப்புகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். மழை எத்தனை அங்குலம், எந்தக் குளம் உடைந்தது என்பதெல்லாம் அவற்றில் துல்லியமாக இருக்கும். தன் உத்தரவால் நடந்த கேட்டை எழுதுகிற இடத்தில் மட்டும் 'நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருப்பார்கள். முதல் தாளில் நானும் அப்படித்தான் எழுதினேன்: அனுமதி தவறுதலாகச் சென்றுவிட்டது. அது தானாகக் காலெடுத்து நடந்துபோனதுபோல. கிழித்தேன். மூன்றாவது தாளில், பிரதி எடுத்தது நான், சரிபார்க்காமல் விட்டது நான், பதவி உயர்வு என்று எழுதி மூடியது நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தேன். ஒரு பிரதியைக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்றாவது பிரதி முகாமையாளரின் மேசைக்குப் போனது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. முகாமையாளர் கதவைச் சாத்தாமலே கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்ததைத் திருப்பி வாங்கும். கொழும்புக்கு நான் கதைச்சுச் சமாளிக்கிறன்."

"ஏலாது சேர்."

"உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"தெரியும் சேர். ஆனால் நான் எழுதினதை நான் வாங்கமாட்டன்."

பதினெட்டு வருடச் சேவையில் அவருக்கு நான் சொன்ன முதலாவது 'ஏலாது' அது. சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அந்தப் பிள்ளை திங்கள் காலையில் எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாயும் எங்கள் மேற்பார்வையாளரும் வேறு இரண்டு உறவினரும் வந்திருக்கிறார்கள். பலகாரம் வைத்துத் தேநீர் கொடுத்த பிறகு, பிள்ளையும் ஏதாவது கதைக்கட்டும் என்று தாய் சொல்லியிருக்கிறார். இவள் அந்தக் கந்தோர்க் குரலிலேயே, மிக மரியாதையாக, உங்கள் மகனும் வங்கியில் வாடிக்கையாளரோடு போனில்தானே கதைக்கிறார், அவருடைய பதிவும் மூன்று அனுப்புங்கள், ஒன்று அவர் பிழைவிட்டுப் பிடிபட்டதாக இருக்கட்டும், கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மேற்பார்வையாளர் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். மாப்பிள்ளையின் தாய் எழும்பும்போது, பெட்டை வாய்க்காரி என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னாராம்.

"அதை மட்டும் பதிவு இல்லாமலே கண்டுபிடிச்சிட்டினம் அண்ணை," என்றாள்.

அவளுடைய தாய் அன்றிலிருந்து அவளோடு கதைக்கவில்லை. அதையும் அதே குரலில்தான் சொன்னாள். பிறகு, "கலியாணம் போனது போகட்டும். இண்டைக்கு எங்களுக்கு ஒண்டு தெரியவேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்களுக்கு என்று அவள் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் தொலைபேசிகளில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், ஆள் கதிரையில் இருந்தாலும் அழைப்பு வராது. சாப்பிடப் போகும்போது அழுத்துவார்கள். என் திரையில் பச்சையாக இருக்கும் அந்த இலக்கம் சிவப்பாகும். அன்று காலை எட்டரைக்கு இருபத்துமூன்று இலக்கம் சிவப்பாக இருந்தது. ஆள்கள் எல்லாம் கதிரையில் நேராக இருந்தார்கள். முகாமையாளர் நடுவில் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். முப்பத்தொன்றுதான் எழும்பிப் பதில் சொன்னாள். எங்கள் பேச்சை யார் யார் கேட்கலாம் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், ஒட்டினால் பச்சையாகும் என்றாள். அது நிர்வாக இரகசியம் என்றார் அவர்.

"எங்கடை வாய் சேர், உங்கடை இரகசியமோ?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

பச்சையாக இருந்தது ஒரேயொரு இலக்கம். அது மேற்பார்வையாளருடையது. அவர் யாரையும் பார்க்காமல், காதில் மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். சுவரிலுள்ள பலகையில் காத்திருப்போர் ஏழு என்று காட்டியது. பிறகு பன்னிரண்டு. பிறகு பத்தொன்பது.

முகாமையாளர் என் மேசைக்கு வந்தார்.

"எல்லாரையும் பச்சையாக்கும்."

அந்த அனுமதி என்னிடம் இருந்தது. சாப்பிடப் போனவர் மறந்துபோய் வராமல் நின்றால் இழுத்துவிடுவதற்காக எனக்குத் தந்தது. எல்லாரையும் தெரிவுசெய்து ஒருமுறை அழுத்தினால், இருபத்துமூன்று தொலைபேசியும் ஒன்றாக அடிக்கத் தொடங்கும். அடிக்கிற தொலைபேசியை எடுக்காமல் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஏலாது. வருடக்கணக்காகப் பழக்கியிருக்கிறோம். கை தானாகப் போய்விடும். அவருக்கும் அது தெரியும்.

"நான் அழுத்தமாட்டன் சேர்."

"அப்ப எழும்பும். நான் அழுத்துறன்."

"உங்கடை கணக்கிலை அந்த அனுமதி இல்லை. வேணுமெண்டால் எழுத்திலை கேளுங்கோ, தாறன். காரணத்தையும் எழுதவேணும்."

நான் கொப்பியை விரித்து, நாளையும் நேரத்தையும் எழுதி, கேட்டவர் என்ற கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேலிக்கு அல்ல. உண்மையிலேயே எழுதத்தான் இருந்தேன்.

காத்திருந்த அழைப்புக்காரர்களுக்கு நாங்கள் அன்று அநியாயம் செய்தோம். யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் பழுதாகிக்கொண்டு இருந்திருக்கும். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இன்னொருமுறை அந்தக் காலை வந்தாலும் அழுத்தமாட்டேன்.

முகாமையாளர் எழுத்தில் ஒன்றும் தரவில்லை; காத்திருப்போர் ஏறிக்கொண்டே போக, நாற்பத்தொரு நிமிடம் கழிந்து பட்டியல் சுவருக்கு வந்தது. நான் அச்சடித்துக் கொடுத்ததை முகாமையாளரே ஒட்டினார். ஐந்து வரி. பிள்ளைகள் எழும்பிப் போய் வாசித்துவிட்டு வந்து ஒவ்வொருவராகப் பச்சையானார்கள். மேற்பார்வையாளரின் பெயருக்கு நேரே, கிழமைக்கு இரண்டு, இறக்க முடியாது என்று இருந்தது.

கொழும்பிலிருந்து இரண்டு கடிதங்கள் கார்த்திகையில் வந்தன. மேற்பார்வையாளருக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு எச்சரிக்கை. என்னுடையது என் கோப்பில் இருக்கிறது. அதில் உள்ளது சரி என்பதால் பதில் எழுதவில்லை. மாப்பிள்ளையின் தாயின் கைபேசியிலிருந்து அந்த மூன்று பேச்சும் அழிக்கப்பட்டதாக மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தார். அழிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பட்டியல் ஒட்டிய அன்று மத்தியானம் முப்பத்தொன்று என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, இரண்டாம் வரியிலை உங்கடை பேர் இருக்கு. எல்லாற்றை பதிவும் கேக்கலாம், இறக்கலாம் எண்டு."

"ஓம்."

"நீங்கள் புள்ளி போடுறேல்லை. பயிற்சி குடுக்கிறேல்லை. உங்களுக்கு அது என்னத்துக்கு?"

இந்தத் திரையை வைத்திருப்பவனுக்கு எல்லாம் திறந்திருக்கும், தொடக்கத்திலிருந்து அப்படித்தான் என்றேன். சொல்லும்போதே அது காரணம் என்ற கட்டத்தில் எழுதக்கூடிய காரணம் அல்ல என்று தெரிந்தது. நான் யாருடைய பேச்சையும் ஒருநாளும் கேட்டதில்லை என்றும் சொன்னேன்.

"அப்ப இல்லாமல் இருந்தாலும் கரைச்சல் இல்லைத்தானே," என்றாள்.

அவள் நிற்கும்போதே என் கணக்கைத் திறந்து இரண்டு அனுமதிகளையும் நீக்கினேன். பிற்பகல் ஒன்று இருபது. அவள் பட்டியலுக்குப் போய், மேசையிலிருந்து கொண்டுபோன என் பேனையால் இரண்டாம் வரியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

இது முகாமையாளருக்குப் பிடிக்கவில்லை. அவசரத்துக்கு யாராவது ஒருவருக்கு எல்லாம் திறந்திருக்கவேண்டும், திரும்பப் போட்டுக்கொள்ளும் என்று மார்கழியில் ஒருமுறையும் தைப்பொங்கல் முடிந்து ஒருமுறையும் சொன்னார். இரண்டு முறையும் எழுத்தில் தாருங்கள், சுவரில் ஒட்டுகிறேன் என்று சொன்னேன். இன்றுவரை தரவில்லை. தந்தாலும், ஒட்டிவிட்டு, முதலில் அந்த இருபத்துமூன்று பேரையும் போடலாமா என்று கேட்பேன்.